மைனஸ் காட்டினால் உயிர் இருக்கு

களியக்காவிளைச் சந்தையில் ஏத்தன் குலையும் மீனும் வாங்கிவிட்டு நேரே வீட்டுக்கு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. வழியில் இருக்கும், பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடை முன்னால் கால் தானாக நிற்கும். போன மாதம் அங்கே உடைந்த மானிட்டர்களுக்கும் மூடி கழன்ற யுபிஎஸ் பெட்டிகளுக்கும் நடுவில் சாம்பல் நிறக் கேபிள் ஒன்று சுருண்டு கிடந்தது. இரண்டு முனையிலும் ஒன்பது துளைக் கனெக்டர், பக்கத்துக்கு ஒன்றாகத் திருகு. உள்ளே இருக்கும் செம்புக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

“அது எதுக்கு சாரே? இப்ப எந்தக் கம்ப்யூட்டர்லயும் கொள்ளாதே” என்றார் கடைக்காரர். எடை போட்டு விலை சொன்னார். மீனைவிட மலிவு.

வீட்டுக்கு வந்து கனெக்டரின் மூடியைக் கழற்றினேன். இந்த முனையின் இரண்டாம் கால் அந்த முனையின் மூன்றாம் காலுக்குப் போகிறது. மூன்றாம் கால் இரண்டாம் காலுக்கு. ஐந்தாம் கால் மட்டும் நேருக்கு நேர். கேட்கிற கம்பி, சொல்கிற கம்பி, இரண்டுக்கும் பொதுவான தரைக் கம்பி. மற்ற ஆறு கால்களும் சும்மா கிடந்தன. ஈயம் ஒவ்வொரு இணைப்பிலும் அளவாக, பளபளப்பாக இருந்தது. தொழில் தெரிந்த கை. அதைப் பார்த்த மாத்திரத்தில் ரோசின் புகையும், கட்டஞ்சாயாவும், திருவனந்தபுரத்தில் நாங்கள் வேலை செய்த அந்தச் சின்ன அறையும் வரிசையாக வந்து நின்றன.

எங்கள் வீடு பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அப்பா வீடு இந்தப் பக்கம், அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம். நடந்தே போய்விடலாம், ஆனால் தொலைபேசி வந்த பிறகு மாமாவைக் கூப்பிட எஸ்டிடி கோடு போட்டுச் சுழற்ற வேண்டியிருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ரேடியோவில் முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், மறுபக்கம் திருநெல்வேலி, இரவானால் இலங்கை.

அந்த ரேடியோதான் என்னை ஆசானின் கடைக்குக் கொண்டுபோனது. பாறசாலைச் சந்தைப் பக்கம் பலகைக் கதவு போட்ட ஒற்றை அறைக் கடை. வால்வு ரேடியோ காலத்திலிருந்து டிரான்சிஸ்டர் காலத்துக்கு வந்தவர் ஆசான். செட்டைக் கொண்டு வைத்தால் உடனே திறக்க மாட்டார். பிளக்கைச் செருகி, காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “மக்கா, முதல்ல சத்தத்தக் கேளு. ஸ்குரூ டிரைவர் எங்கயும் ஓடிப் போகாது” என்பார். அடித்தொண்டையில் ஹம் வந்தால் மின்சாரத்தை வடிகட்டும் கண்டென்சர் போயிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்கிறது. நோய் என்னவென்று செட்டே சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை திறக்காமலே முடிந்துவிடும் என்பது அவருடைய பாடம்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பாடம் செல்லாத இடம் ஒன்று இருப்பது தெரிந்தது. டிஜிட்டல் ஐசி ஹம் அடிக்காது, கரகரக்காது. நன்றாக ஓடுகிற சிப்பும் செத்துப்போன சிப்பும் வெளியே பார்க்க ஒரே கறுப்புப் பூச்சிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று அதுவே சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்வதற்கு அதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய்தான் தொடர்முறைத் தகவல் கால்கள்.

முதலில் வேலைக்குப் போனது திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில். காலையில் நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சரைப் பாறசாலையில் பிடிப்பேன். 1979-ல் போட்ட ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் நெய்யாற்றின்கரையில் ஒதுங்கி நிற்கும். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பலராமபுரம், நேமம். சீசன் டிக்கெட்காரர்களுக்கு இடம் பிரித்து வைத்தது போல அவரவர் மூலை. கைத்தறி வேட்டிக் கட்டுகளோடு பலராமபுரத்தில் ஏறுகிறவர்கள், செக்ரட்டேரியட் குமாஸ்தாக்கள், செவிலியர் படிக்கும் பெண்கள். பெட்டியின் ஒரு முனையில் தமிழ், மறுமுனையில் மலையாளம். நடுவில் இருப்பவர்கள் எதைப் பேசினார்கள் என்று அவர்களே யோசித்ததில்லை. என் மடியில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு டேட்டா புத்தகம் இருக்கும். அப்போது டேட்டா புத்தகம் என்பது சொத்து. யாராவது பெங்களூருக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ போனால் சிப்போடு சேர்த்து அதையும் கேட்டு எழுதி அனுப்புவோம். ஒரே ஒரு மூலப் பிரதி வரும். அதைப் பிரித்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஆளுக்கொரு கட்டாகக் கோத்து வைத்துக்கொள்வோம்.

என் மடியில் இருந்தது மோட்டரோலாவின் 56303 என்ற டிஜிட்டல் சிக்னல் பிராசசரின் புத்தகம். நாங்கள் செய்துகொண்டிருந்தது மோட்டார்களின் அதிர்வைக் கேட்டு, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லும் கருவி. ஆசான் காதால் செய்ததைக் கணக்கால் செய்வது. சென்சார் தரும் அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெருக்கிக் கூட்டுவதையே தொழிலாகக் கொண்ட சிப் அது. 24 பிட் அகலம், 144 கால்கள், 3.3 வோல்ட். ஓசையும் அதிர்வும் வேகமாக உள்ளே வர அதற்கென்று தனி வழி இருந்தது. மனிதனோடு பேச ஒதுக்கியவை மூன்றே மூன்று கால்கள்: ஆர்எக்ஸ்டி கேட்பதற்கு, டிஎக்ஸ்டி சொல்வதற்கு, எஸ்சிஎல்கே தாளத்துக்கு.

எங்கள் பகுதிக்குத் தலைவர் ஒரு மலையாளி சார். பழைய அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெல்ட்ரான் 1973-ல் தொடங்கியதிலிருந்து இந்த நகரத்தில் அப்படி ஒரு தலைமுறையே இருந்தது. கரகுளத்திலும் வெள்ளையம்பலத்திலும் தொழில் கற்று, பிறகு சின்ன நிறுவனங்களுக்கு வந்து எங்களைப் போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். சாருக்குத் தமிழ் புரியும். எனக்கு மலையாளம் தெரியும். அவர் அவர் மொழியில் பேசுவார், நான் என் மொழியில் பதில் சொல்வேன். வேலைக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

முதல் போர்டு வந்த அன்று எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். மின்சாரம் கொடுத்தாயிற்று. புகை வரவில்லை, அதுவே பாதி வெற்றி. கம்ப்யூட்டரில் ஹைப்பர்டெர்மினல் திறந்திருக்கிறது. கறுப்புக் கட்டத்தில் கர்சர் மட்டும் மினுக்குகிறது. ஒரு எழுத்தும் வரவில்லை. சார் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனையைக் கனெக்டரின் ஐந்தாம் காலில் வைத்தார், சிவப்பு முனையைப் போர்டு சொல்கிற காலில் வைத்தார். மீட்டர் மைனஸ் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. “மைனஸ் உண்டல்லோ. அப்ப ஜீவன் உண்டு” என்றார்.

அந்த மைனஸின் கதை இது. சிப்பின் டிஎக்ஸ்டி கால் பேசாமல் இருக்கும்போது மேலே, அதாவது 3.3 வோல்ட்டில் நிற்கும். ஆனால் கேபிளில் ஓடும் ஆர்எஸ்-232 முறையில் எல்லாம் தலைகீழ். ஒன்று என்பதற்கு மைனஸ் மூன்றுக்குக் கீழே போக வேண்டும், பூஜ்ஜியத்துக்குப் பிளஸ் மூன்றுக்கு மேலே. 1960-ல் அமெரிக்காவில் வகுத்த முறை. 1969-ல் அதன் சி பதிப்பு வந்தது. நடுவே ஒரு சின்ன ஐசி இரண்டு பக்கத்துக்கும் மொழி மாற்றித் தருகிறது. ஐந்து வோல்ட் போர்டுக்கு மேக்ஸ்232, எங்கள் போர்டுக்கு மேக்ஸ்3232. சுற்றிலும் நாலைந்து கண்டென்சர்களை வைத்தால் ஒரே சப்ளையிலிருந்து பிளஸ்ஸையும் மைனஸையும் அதுவே ஏற்றிக்கொள்ளும். அது வருவதற்கு முன் பிளஸ் 12, மைனஸ் 12 என்று தனித்தனி சப்ளை வைத்து அழுதோம் என்று சார் சொல்வார். ஆக, பேசாத வேளையில் கேபிளில் மைனஸ் இருந்தால் சொல்கிற பக்கம் விழித்திருக்கிறது. பூஜ்ஜியம் காட்டினால் கம்பி அறுந்திருக்கலாம், ஐசி போயிருக்கலாம், இல்லை நாம் கேட்கிற காலைப் போய்த் தொட்டிருக்கலாம்.

ஜீவன் இருந்தும் ஏன் பேசவில்லை? காரணம் புத்தகத்தின் ஓர் ஓரத்தில் இருந்தது. ரீசெட் ஆனதும் அந்த மூன்று கால்களும் தொடர்முறைப் பேச்சுக்கு உரியவை அல்ல. போர்ட் ஈ என்ற பொதுக் கால்களாகச் சும்மா கிடக்கும். அதற்கான கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் ஒன்றுகளை எழுதினால்தான் வேலைக்கு வரும். எழுதினோம். பிறகு சார் ஆசிலோஸ்கோப்பை இழுத்து வைத்து, “வலிய யூ மாத்ரம் அயச்சோண்டிரி” என்றார். பெரிய எழுத்து யூ மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பும்படி நாலு வரி நிரல் எழுதினோம்.

திரையில் அது தெரிந்த விதம் இன்றும் கண்ணில் இருக்கிறது. யூ என்ற எழுத்தின் எண் மாறி மாறி வரும் ஒன்றும் பூஜ்ஜியமும். கடைசி பிட் முதலில் போகும். முன்னால் ஒரு தொடக்கப் பூஜ்ஜியம், பின்னால் ஒரு முடிவு ஒன்று. எல்லாம் சேர்ந்தால் ஐந்து பள்ளம், ஐந்து மேடு, கொஞ்சமும் பிசகாத வரிசை. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ விநாடி. திரையின் ஒரு கட்டத்தை 100 மைக்ரோ விநாடிக்கு வைத்தால் பிட் ஒவ்வொன்றும் கட்டத்தை மயிரிழை தாண்டும். பத்தாவது பிட் முடியும்போது கிட்டத்தட்ட அரைக் கட்டம் கூடியிருக்கும். சார் பென்சிலால் கண்ணாடி மேல் தட்டித் தட்டி எண்ணினார். வேறு எந்த எழுத்தை அனுப்பியிருந்தாலும் பள்ளம் எங்கே முடிகிறது, மேடு எங்கே தொடங்குகிறது என்று மண்டை காய்ந்திருக்கும். வேகம் சரியா, அலை சுத்தமா, கால் சரியா என்ற மூன்று கேள்விக்கும் யூ ஒன்றே பதில் சொல்லியது.

வேகம் சரியாக இருக்கவேண்டியது ஏன் என்பது பாலிடெக்னிக்கிலேயே மனப்பாடம் ஆகியிருந்தது, ஆனால் பொருள் தெரியாமல். 8051 சிப்புக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஏன் சுத்தமாக 12 போடக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 11.0592-ஐ 12-ஆலும் 32-ஆலும் 3-ஆலும் வகுத்தால் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் 9600 வரும். 12-ஐ அப்படி வகுத்தால் 10,416 வரும். எட்டரை சதவீதம் தப்பு. எங்கள் போர்டில் 80 மெகாஹெர்ட்ஸ். அதை 64-ஆல் வகுத்து, பிறகு 130-ஆல் வகுத்தால் 9615. பிழை சதவீதத்தில் ஆறில் ஒரு பங்குதான். ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது 129, அதனோடு ஒன்றைச் சிப் தானே கூட்டிக்கொள்ளும். இந்த மாதிரிச் சின்னச் சின்ன விவரங்களை டேட்டா புத்தகத்தின் விளிம்பில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வோம். என் கட்டில் அச்செழுத்தைவிட பென்சில் எழுத்துதான் அதிகம்.

சிப்பின் மூன்றாவது காலான எஸ்சிஎல்கேயின் அருமை பிறகுதான் புரிந்தது. நிரலை உள்ளே ஏற்ற எங்களிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் கிடையாது. ஆனால் இந்தச் சிப்புக்குள்ளேயே பிறப்பிலேயே எழுதி வைத்த ஒரு சின்ன நிரல் இருந்தது. குறிப்பிட்ட கால்களை மேலும் கீழும் கட்டிவிட்டு ரீசெட் கொடுத்தால், தொடர்முறைக் கால் வழியே வருவதை வாங்கி நினைவகத்தில் வைத்து ஓட்டும். இந்த போர்டில் என்ன கிரிஸ்டல் போட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பிறவி நிரலுக்குத் தெரிய வழியில்லை. அதனால் தாளத்தை வெளியிலிருந்து கேட்கிறது. எஸ்சிஎல்கே காலில் வேகத்தின் 16 மடங்கு துடிப்பு வரவேண்டும். 9600-க்கு 1,53,600. அதற்கென்று தனியாக 2.4576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் வகுத்துக் கொடுக்க ஒரு கவுன்டர் ஐசியும் வைத்தோம்.

முதல் மூன்று பைட் எத்தனை சொற்கள் வரப்போகின்றன என்று சொல்லும். அடுத்த மூன்று எங்கே வைப்பது என்று சொல்லும். பிறகு 24 பிட் சொல் ஒவ்வொன்றும் மூன்று மூன்று பைட்டாக. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: வாங்கிய ஒவ்வொரு பைட்டையும் சிப் அப்படியே திருப்பிச் சொல்லும். வீட்டுக் கணக்குச் சொல்லும்போது அம்மா செய்வதுதான். “கருப்பட்டி ரெண்டு கிலோ” என்றால் “ரெண்டு கிலோ” என்று திருப்பிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக விடமாட்டாள். அனுப்பியதும் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று எங்கள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே போகும். 4096 சொற்கள் நிரம்பிய நினைவகம் என்றால் 12,288 பைட். நொடிக்கு 960 பைட் வீதம் ஏறத்தாழ 13 விநாடி. அந்த விநாடிகளில் அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

திரையில் யூ தெரிந்த அன்று வீட்டுக்குப் போகும் முன் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அண்ணன், திருவனந்தபுரம் மத்தியத் தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தோஷத்தில் தொடக்க பிட், முடிவு பிட் என்று அளந்தேன். மாமா மரச்சீனியை மீன்குழம்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவியபிறகு, “மக்கா, இது நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே உள்ளதுதானே” என்றார்.

பிறகு அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. டெலிபிரிண்டரில் ஒரு எழுத்துக்கு ஐந்து துடிப்பு. முன்னால் ஒரு தொடக்கம், பின்னால் ஒன்றரை முடிவு. 50 பாட் லைனில் ஒரு துடிப்பு 20 மில்லி விநாடி. ஒரு எழுத்து 150 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 400 எழுத்து. இங்கே ஒரு மோட்டார் சுற்றுகிறது, மதராசில் ஒரு மோட்டார் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற உலகத்தில் வழியில்லை. மெக்கானிக் இசைக்கவையைத் தட்டி, அதன் இடுக்கு வழியே மோட்டாரின் மேல் வரைந்த கோடுகளைப் பார்த்து, கோடு அசையாமல் நிற்கிற வரைக்கும் வேகத்தைத் திருத்துவார். அப்படியும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். “அதுக்குத்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தித் தொடங்குகது. இந்த எழுத்துல வந்த பிசகு அடுத்த எழுத்துக்குப் போகாது, கேட்டியா.”

எங்கள் சிப்பிலும் அதேதான். கேட்கிற பக்கம் தொடக்கப் பள்ளத்தைக் கண்டதும் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவில் போய்ப் பார்க்கும். கடைசிப் பிட்டின் நடு ஒன்பதரையாவது பிட் தூரத்தில் இருக்கிறது. அதுவரைக்கும் அரை பிட்டுக்கு மேல் நழுவாமல் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து சதவீதம். ஒரே கடிகாரம் தேவையில்லை. தொடக்கம் எது என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

கருவியை முதலில் பொருத்தியது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நூற்பாலையில். மோட்டாரின் மேல் பெட்டி. அங்கிருந்து சூப்பர்வைசர் மேசைக் கம்ப்யூட்டருக்கு சுமார் 12 மீட்டர் கேபிள். ஆர்எஸ்-232-க்குப் பொதுவாகச் சொல்லும் 50 அடி வரம்புக்குள்தான். பொருத்தியபோது மழைக்காலம்; நன்றாக ஓடியது. வெயில் ஏறிய பிறகு ஃபோன் வந்தது. எண்கள் வரவேண்டிய இடத்தில் கோணல் மாணலாக எழுத்து வருகிறதாம். போய்ப் பார்த்தால், பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் திரையில் குப்பை. நின்றால் ஒழுங்கு. அங்கிருந்த எலக்ட்ரீசியன், “மழை பெய்தா தானா சரியாயிரும் சார், இந்த மெஷின் அப்படித்தான்” என்றார். எல்லாரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை.

எர்த் குழி எங்கே என்று கேட்டார். கரியும் உப்பும் போட்ட குழி கட்டாந்தரையாகக் காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் குப்பை குறைந்தது. அப்போதே கேபிளின் மூடியைக் கழற்றச் சொன்னார். ஐந்தாம் காலுக்கு வந்த கம்பி, மேல் தோல் முழுசாக இருக்க, உள்ளே முறிந்திருந்தது. தரைக் கம்பி இல்லாமல் இத்தனை நாளும் அது கட்டடத்தின் எர்த்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்தவரை அந்தச் சுற்றுவழி பொறுத்துக்கொண்டது. மண் காய்ந்ததும் மோட்டார் இழுக்கும் இழுப்பில் இரண்டு பெட்டியின் பூஜ்ஜியமும் ஒன்றாக இல்லாமல் போனது. பிளஸ் எது, மைனஸ் எது என்று சொல்ல முதலில் பூஜ்ஜியம் ஒன்றாக இருக்க வேண்டுமே. புதுக் கம்பி வைத்து ஈயம் வைத்ததும் மழைக்கும் மெஷினுக்கும் இருந்த உறவு அறுந்தது. எலக்ட்ரீசியனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வருகிறவர்களிடம் சொல்ல அவருக்கு ஒரு நல்ல கதை இருந்தது.

அதற்குப் பிறகு உலகம் ஓடிய ஓட்டம் எல்லாருக்கும் தெரிந்ததே. லேப்டாப்களிலிருந்து ஒன்பது கால் கனெக்டர் காணாமல் போனது. விண்டோஸ் எக்ஸ்பியோடு ஹைப்பர்டெர்மினலும் விடைபெற்றது. மோட்டரோலாவின் சிப் பிரிவு 2004-ல் ஃப்ரீஸ்கேல் ஆனது. 2015-ல் அது என்எக்ஸ்பியோடு சேர்ந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றது. மாமா அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கடைசித் தந்தி அனுப்பக் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்களே, இவர்களில் பாதிப்பேர் முன்பே அனுப்பியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்களே என்றார். ஆசானின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். செட்டைக் கேட்டுப் பார்த்துச் சரி செய்யும் கடை இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. போர்டையே மாற்றிவிடு என்பதுதான் இன்றைய வைத்தியம்.

ஆனால் அந்தக் கால்கள் போகவில்லை. அக்காவின் பேத்தி இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அண்மையில் அவள் வீட்டில் மூச்சு நின்ற ஒரு வைஃபை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போர்டின் ஓரத்தில் பெயர் போடாத நாலு துளைகள். மீட்டரை வைத்து எது தரை, எது 3.3 வோல்ட்டில் நிற்கிறது என்று பிரித்தாள். நகம் அளவு யுஎஸ்பி போர்டு ஒன்றை எடுத்து, அதன் கேட்கிற காலைப் பெட்டியின் சொல்கிற துளைக்கும் தரையைத் தரைக்கும் கொடுத்தாள். முதலில் கோணல் எழுத்து. வேகத்தை 1,15,200-க்கு மாற்றினாள். பெட்டி கண் விழிப்பதிலிருந்து எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பது வரை வரிவரியாகத் திரையில் ஓடியது. நினைவகத்தின் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்று அதுவே சொன்னது. மைனஸ் இல்லை, மொழி மாற்றும் ஐசி இல்லை, கேபிள்கூட இல்லை. மற்றபடி நாங்கள் செய்த அதே வேலை. யூ அனுப்பிப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். அலையைக் காட்டும் அவளுடைய மலிவான சின்னக் கருவி அதை ஆசிலோஸ்கோப்பைவிட அழகாகக் காட்டியது.

“தாத்தா, 9600-ன்னா ஏன் 9600? 10,000-ன்னு வச்சா கணக்கு லேசா இருக்குமே” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, மாமாவிடம் இருந்தது. எங்கள் போர்டின் அந்த 2.4576 கிரிஸ்டலை அந்தக் காலத்தில் ஒருநாள் அவரிடம் காட்டினேன். யார் இப்படி ஒரு கோணல் எண்ணைக் கண்டுபிடித்தது என்று நொந்துகொண்டேன். மாமா கிழித்த நாள்காட்டித் தாளைத் திருப்பி வைத்து, 24,57,600 என்று எழுதி, பாதியாக்கத் தொடங்கினார். 12,28,800. 6,14,400. 3,07,200. 1,53,600 வந்ததும் நான் நிமிர்ந்தேன். அது எங்கள் எஸ்சிஎல்கே. அவர் நிறுத்தவில்லை. 76,800, 38,400, 19,200, 9600. அதற்கும் நிறுத்தவில்லை. 4800, 2400, 1200, 600, 300, 150. பதினைந்தாவது முறை பாதியாக்கி 75 என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

“நாங்க 50-ல ஓட்டினோம். அமெரிக்காக்காரன் டெலிபிரிண்டர் 75-ல ஓடும். அவன் மெஷின இரட்டிச்சு இரட்டிச்சுத்தான் ஒங்க கம்ப்யூட்டர் இங்க வந்து நிக்குது. இதுக்குப் போய் கோணல் எண்ணுன்னு சொல்லுகியே” என்றார்.

பேத்திக்கு அதே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவள் பாதி வரியிலேயே பேனாவை வாங்கிக்கொண்டு, 9600-ஐ 12-ஆல் பெருக்கி 1,15,200 என்று கீழே எழுதினாள். “அப்ப இந்த வைஃபை பெட்டியும் உங்க மாமாவுக்குச் சொந்தம்தானா?” என்றாள். ஆமாம், ஒரு வகையில் சொந்தம்தான் என்றேன்.